அப்பா கொள்ளு அவித்துக் கொடுத்த குதிரை

வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு குதிரையைப் பார்த்து. சிரிக்காதீர்கள். ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளில் என்னோடு வளர்ந்தவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் என்னோடு இடிபட்டவர்களே, உங்களுக்கெல்லாம் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்து வயிறெரிய ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நான் ஒற்றைப் பிள்ளை. எனக்குப் போட்டியாக வந்தது நாலு காலும் ஒரு வாலும் உள்ள கறுப்புப் பெட்டைக் குதிரை. கண்ணாடி இல்லாமல் கைத்தொலைபேசியை வாசிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். இனியும் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு நகரத்துக்குள் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, சனிக்கிழமைகளில் முழு நாள். தை பிறந்த கையோடு, அப்பாவோடு துப்புரவு வேலை செய்த சிலி நாட்டுக்காரர் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர் பகுதி நேரமாக ஒரு சர்க்கஸின் லாயத்தில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தவர். முதுகு சரியாகும்வரை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா ஓம் என்றுவிட்டார். யாழ்ப்பாணத்தில் அப்பா தொட்டுப் பார்த்த ஒரே குதிரை கோயில் குதிரை வாகனம். மரத்தில் செய்தது. அது கடிக்காது, உதைக்காது, முக்கியமாக லத்தி போடாது. இதைச் சொல்லிச் சொல்லி அம்மா ஒரு கிழமை சிரித்தார்.

சர்க்கஸ் சித்திரையிலிருந்து புரட்டாதிவரை நாடெங்கும் ஊர் ஊராகப் போகும். குளிர்காலத்தில் ஸ்ட்ரோம்மனுக்கு அப்பால் ஒரு பழைய பண்ணையை வாடகைக்கு எடுத்து மிருகங்களை அங்கே வைத்திருப்பார்கள். புதிய வித்தைகளைப் பழக்குவதும் அந்த மாதங்களில்தான். சனிக்கிழமைகளில் அம்மா வேலைக்குப் போய்விடுவதால் அப்பா என்னையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார். ஸ்ட்ரோம்மனில் இறங்கி, பனி குவிந்த தெருவோரமாக அரை மணி நேரம் நடக்க வேண்டும். எனக்கு இரண்டு கால்சட்டை, மூன்று மேற்சட்டை, அதற்கு மேலே யாரோ கொடுத்த ஊதா நிறப் பனியுடுப்பு. மடக்க முடியாத முழங்கால்களோடு அப்பாவின் பின்னால் உருண்டுகொண்டு போவேன்.

லாயத்தின் கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு சூடு வந்து மோதும். ஆறு குதிரைகளின் மூச்சுச் சூடு. வைக்கோல், மூத்திரம், தோலுக்குப் பூசுகிற எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசம். முதல் நாள் மூக்கைப் பொத்தினேன். மூன்றாம் கிழமை அந்த வாசம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்துப் பிள்ளை என் தலைமயிரை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தபோது, அம்மாவின் சமையலில்தான் அந்த வாசம் என்று சொல்லித் தப்பினேன். பாவம் அம்மா.

குதிரைகளைப் பழக்கியவர் ஒரு பெண். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஹங்கேரிப் பக்கத்துச் சர்க்கஸ் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஐந்து மொழிகளை அரைகுறையாகப் பேசுவார். அப்பா பேசுகிற நோர்வே மொழியான நொர்ஸ்க்கும் அரைகுறை. இரண்டு அரைகுறைகளும் சேர்ந்தால் எப்படியோ ஒரு முழுப் பேச்சாகிவிடும். நானும் அம்மாவும் அவரைக் குதிரைக்காரி என்போம். அப்பா மட்டும் மரியாதையாக ‘மடம்’ என்பார்.

பண்ணையின் பெரிய களஞ்சியத்தின் நடுவே மரத்தூள் பரப்பிய வட்டம் இருந்தது. குறுக்கே பதின்மூன்று மீற்றர். எந்த நாட்டுச் சர்க்கஸுக்குப் போனாலும் வட்டத்தின் அளவு கிட்டத்தட்ட இதுதானாம். ஓர் ஊரில் பழகிய குதிரை இன்னோர் ஊரில் தடுமாறக் கூடாதல்லவா. குதிரைக்காரி நடுவில் நிற்பார். ஒரு கையில் நீளச் சவுக்கு, மறு கையில் குட்டைச் சவுக்கு. சவுக்கைக் கண்டதும் நான் பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆனால் அது எந்தக் குதிரையின் உடம்பிலும் படவில்லை. நீளச் சவுக்கின் நுனி குதிரைக்குப் பின்னால் அசைந்தால் முன்னே போ. குட்டைச் சவுக்கு முகத்துக்கு முன்னால் வந்தால் மெதுவாகு, நில். அவ்வளவுதான். அவருடைய கை போதாமல் இருந்ததால் அந்த இரண்டு தடிகளால் கையை நீட்டிக்கொண்டார் என்று சொல்லலாம்.

சேணம் இல்லை, கடிவாளக் கயிறு இல்லை, மேலே ஆளும் இல்லை. ஆறு குதிரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவரும். பெயர் சொன்னதும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் திரும்பி, வரிசையாக முகம் காட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. முன்னே எந்த வால் போகிறது என்பதுதான் அதற்கு அடையாளம். ஐந்து குதிரைகள் பழையவை. ஆறாவது, அந்தக் குளிர்காலத்தில் புதிதாக வந்த நாலு வயதுக்காரி. அவளுக்கு எந்த வாலின் பின்னால் போவது என்று தெரியவில்லை. அதனால் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு கூடவே வட்டத்தில் நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

லத்தி அள்ளப் போன அப்பா அந்த ஆளாகிவிட்டார்.

முதலில் தலைக்கருகே நடந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு முழக் கயிறு. பிறகு நாலு முழம். கடைசியில் கயிறே இல்லை, அப்பா வேலிக்கு வெளியே நடப்பார், அவள் உள்ளே நடப்பாள். குதிரைக்காரி ஒரு நாளும் கால் மணி நேரத்துக்கு மேல் புதிதாக ஒன்றும் பழக்க மாட்டார். அவள் சரியாகச் செய்த ஒன்றோடு நிறுத்துவார். சரியாகச் செய்த அந்தக் கணமே இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு கரட் வரும். குதிரை பிழை விட்டால் பிழை பழக்கியவருடையது என்று அவர் சொன்னதை அப்பா ரயிலில் வரும்போது எனக்கு நாலு தரம் சொன்னார்.

“பாத்தியே? ஒரு அடி அடிக்கேல்லை. ஒரு சத்தம் போடேல்லை. எப்பிடிக் கேக்குது பார்.”

முந்தைய நாள் இரவு ஏழாம் வாய்பாட்டுக்காக என் மண்டையில் குட்டியவர்தான் இதைச் சொன்னார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டையில் விழுந்த குட்டுகளைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னை எரித்தது ஒரு சொல். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அப்பா அவளுடைய கழுத்தைத் தட்டிக்கொண்டு, “என்ரை ராசாத்தி” என்றார். பக்கத்தில் நான் நிற்கிறேன். வைக்கோல் கட்டின்மேல் இருந்து அன்னாசிப்பழ யூஸ் குடித்துக்கொண்டிருக்கிறேன். என்னை அவர் ‘இஞ்சை வா’ என்பார், ‘எடி’ என்பார், நல்ல மனநிலையில் இருந்தால் ‘பிள்ளை’ என்பார். ராசாத்தி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை பதினொரு தரம். அடுத்த சனிக்கிழமை பதினாறு. கணக்கில் நான் மொக்கு என்று அப்பா சொல்வார். இந்தக் கணக்கில் நான் ஒரு தரமும் பிழை விடவில்லை.

கொள்ளு விஷயத்தையும் சொல்ல வேண்டும். லாயத்தில் குதிரைகளுக்கு வைக்கோலும் ஓட்ஸும் போட்டார்கள். இதை அப்பாவால் தாங்க முடியவில்லை. குதிரை என்றால் கொள்ளு தின்ன வேண்டும். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் ஐரோப்பாவுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்டார். நகரத்துத் தமிழ்க் கடையில் ஒரு பை கொள்ளு வாங்கி வந்து, இரவு ஊறப்போட்டு, விடியற்காலையில் அவித்து, கொஞ்சம் சர்க்கரையும் பிசைந்து, நீல மூடி போட்ட ஐஸ்கிறீம் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார். அந்தப் பெட்டியில்தான் எனக்கு முன்பெல்லாம் பள்ளிக்கூடச் சாப்பாடு வரும். எனக்கு இப்போது ரொட்டித் துண்டுகளைப் பொலித்தீனில் சுற்றித் தந்தார்கள்.

அம்மாவுக்கும் எரிந்தது. பானையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“கலியாணம் முடிச்சுப் பதினொரு வருசம். இந்த மனுசன் எனக்கு ஒரு முட்டை அவிச்சுத் தந்திருப்பாரே? குதிரைக்குக் கொள்ளு அவிக்கிறார்.”

“அது வாயில்லாச் சீவன்,” என்றார் அப்பா.

“எனக்கு வாய் இருக்கிறதுதான் பிழை எண்டுறியள்.”

நான் அம்மாவின் பக்கம். ஆனால் அம்மா சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இதிலே ஒரு சிக்கல் இருந்தது. லாயத்தில் யாரும் குதிரைக்குக் கையால் தீனி கொடுக்கக் கூடாது. இது குதிரைக்காரியின் கண்டிப்பான சட்டம். வெகுமதி அவருடைய கையிலிருந்து, வட்டத்துக்குள், சரியான கணத்தில் மட்டும்தான் வர வேண்டும். வேறு கையிலும் கிடைக்கும் என்று குதிரை அறிந்தால் அதன் மனம் வட்டத்தில் நிற்காது. அப்பாவுக்கு இந்தச் சட்டம் தெரியும். ஆனால் அவர் தன்னுடைய மதியச் சாப்பாட்டைத் திறக்கும்போது அந்தப் பெரிய கறுப்புக் கண் மரச்சட்டத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டு நிற்கிற சீவனுக்குக் கொடுக்காமல் சாப்பிட்டால் நாவூறு பட்டு வயிறு நோகும் என்று நம்புகிறவர் என்ன செய்வார்? குதிரைக்காரி கோப்பி குடிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறப்பார். உள்ளங்கையில் ஒரு பிடி கொள்ளை வைத்து, “ராசாத்தி, இஞ்சை வா” என்பார். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து. அவள் இரண்டு காதுகளையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். அப்பாவின் கையைத் துடைத்து வைத்ததுபோல நக்கிவிடுவாள். பிறகுதான் அப்பா கையைக் கழுவிவிட்டுத் தன் சோற்றைத் தொடுவார்.

நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் அதைச் சொல்லிப் பார்ப்பேன். ராசாத்தி, இஞ்சை வா. ஏன் சொல்லிப் பார்த்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பது இப்போது தெரிகிறது.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும். பள்ளிக்கூடத்தில் தந்துவிட்ட கணக்குகளோடு சாப்பாட்டு மேசையில் இருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் அமர்ந்தார். வழக்கமாக எதிரே இருந்து பென்சிலால் மேசையைத் தட்டுவார். அன்றைக்குப் பக்கத்தில். கையில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பிளம்ஸ். கேக்குக்குப் போடுகிற அந்த உலர்ந்த முந்திரிகைப் பழம். முதலாவது கணக்கைச் செய்தேன். சரி. ஒரு பிளம்ஸை என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது சரி. இன்னொரு பிளம்ஸ். மூன்றாவது பிழை. குட்டு விழும் என்று தோளைச் சுருக்கினேன். விழவில்லை. “பரவாயில்லை, ஆறுதலாப் பார்,” என்றார். திருத்தினேன். ஒரு பிளம்ஸை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“இண்டைக்கு இவ்வளவும் போதும். நல்லாச் செய்தாய்.”

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அது அவளுடைய தட்டு. அந்தக் கால் மணி நேரமும் அவளுடையது. குதிரைக்குச் செய்து மிஞ்சியதை எனக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“நான் குதிரை இல்லை!” என்று கத்தினேன். கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். பிளம்ஸ் முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே உருண்டு போயிற்று.

அப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அடுத்த நாளிலிருந்து அவர் எனக்குக் கணக்குச் சொல்லித்தர வரவில்லை. “லெக்ஸ செய்திட்டியோ?” என்று வீட்டுப்பாடத்தைப் பற்றித் தூரத்திலிருந்து கேட்பதோடு சரி. குட்டுவதும் இல்லை, தட்டுவதும் இல்லை. ஒரு மனிதர் நாற்பது வயதுக்குக் கிட்ட வந்து, வேறு வழியில் பிள்ளை வளர்க்கலாம் என்று ஒரு குதிரை லாயத்தில் கண்டுபிடித்து, அதை வெட்கத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் அனுப்பிவிட்டேன். இதெல்லாம் எனக்குப் பிள்ளைகள் பிறந்து, நானே அவர்களுடைய கொப்பிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோதுதான் விளங்கியது.

பங்குனி முடிகிற நேரம் சமையலறையில் அப்பா அம்மாவோடு கதைப்பது கேட்டது. ஆறாவது குதிரை அப்பா பக்கத்தில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்கிறாளாம். குதிரைக்காரி சித்திரையிலிருந்து புரட்டாதிவரை தன்னோடு உதவியாளராக வரக் கேட்டிருக்கிறாராம். நல்ல வேலை, லத்தி அள்ளுகிற வேலை இல்லை, வடக்கே துரும்சோவரைக்கும் போகலாமாம்.

“போங்கோ,” என்றார் அம்மா. “குதிரையோடையே போய் இருங்கோ.”

அப்பா அதற்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என் அறைக்கு ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். கோடை முழுக்க அப்பா இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பூட்டிய வீடு, கழுத்தில் தொங்குகிற சாவி, அம்மா வரும்வரை தொலைக்காட்சி. அவளோ ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் அப்பாவோடு இருப்பாள். ஒரு நாளைக்குப் பதினாறு தரம் வைத்தாலும், ஒரு கோடைக்கு எத்தனை ராசாத்தி? அப்பா போகக் கூடாது என்று முடிவு செய்தேன். எப்படி மறிப்பது என்றுதான் தெரியவில்லை.

சித்திரையில் நகரத்துக்குள் கூடாரம் போட்டார்கள். முதல் சனிக்கிழமை, மதியக் காட்சி. அம்மாவுக்கு வேலை. சிலிக்காரரின் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா வாங்கித் தந்த இடம் முன்வரிசை, வட்டத்தின் விளிம்பை எட்டித் தொடலாம். காட்சிக்கு முன்னால் அப்பாவைப் பின்பக்கத்தில் கண்டேன். பொன்னிறப் பொத்தான் வைத்த சிவப்பு மேற்சட்டை போட்டிருந்தார். தோளில் கொஞ்சம் பெரிது. தலைமயிரை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கல்யாணப் படத்தில் தவிர வேறெங்கும் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. சர்க்கஸோடு போகிறவர்கள் எல்லாரும் போட்டிருந்த அதே சட்டை. சரி, அப்பா போய்விட்டார் என்று என் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

கோமாளிகள் வந்தார்கள், தட்டுச் சுழற்றுகிறவர் வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பிறகு வாத்தியம் மாறியது, திரை விலகியது. ஆறு குதிரைகளும் வந்தன. நெற்றியில் வெள்ளை இறகு, கழுத்தில் வெள்ளி நிறத் தோல் பட்டி. நான் ஆறாவதைத் தேடினேன். அவள் மினுங்கினாள். குளிர்காலத்துத் தடித்த மயிர் உதிர்ந்து, உடம்பு எண்ணெய் பூசிய கருங்கல்லாக இருந்தது. வாத்தியத்துக்கு ஏற்றபடி காலை எடுத்து வைத்தாள். உண்மையில் குதிரை இசைக்கு ஆடுவதில்லை. வாத்தியக்காரர்தான் குதிரையின் காலைப் பார்த்து அடிக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் ஆடுவதாகத்தான் பட்டது. சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இவ்வளவு அழகாக இருந்தால் ஏன் அப்பா அவளோடு போக மாட்டார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

சுற்றி வந்தார்கள். எதிர்ப்பக்கம் சுற்றினார்கள். குதிரைக்காரி ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஒவ்வொன்றும் திரும்பி வரிசையில் நின்றது. ஆறும் முகம் காட்டி அசையாமல் நிற்கின்றன. வாத்தியம் நின்றது. கூடாரம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

“ராசாத்தி, இஞ்சை வா...”

என் வாயிலிருந்து வந்தது. குளியலறையில் பழகிய அதே இழுவையில்.

இரண்டு காதுகளும் முன்னுக்கு வந்தன. வரிசையை விட்டு இறங்கி நேரே என்னிடம் நடந்து வந்தாள். ஐந்தாவது குதிரை குழம்பிப்போய் அவளுக்குப் பின்னால் இரண்டு அடி வைத்தது. நாலாவது திரும்பிப் பார்த்தது. வாத்தியக்காரர் எப்படியாவது சமாளிக்க வேண்டும் என்று ஒரு வேடிக்கை மெட்டைத் தொடங்கினார். சனங்கள் இதுவும் வித்தை என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் விளிம்புக்கு மேலாகக் கழுத்தை நீட்டி என் மடியை முகர்ந்தாள். என் வலக்கையை முகர்ந்தாள், பிறகு இடக்கையை. மூக்கு அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில் நின்றும் ஒரு தரமாவது தொட்டுப் பார்த்தேனா? என் கையில் ஒன்றும் இல்லை. அவள் திரும்பத் திரும்பத் தேடினாள்.

அப்பா ஓடி வந்து கழுத்துப் பட்டியைப் பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை. குதிரைக்காரி சிரித்த முகம் மாறாமல் மற்ற ஐந்தையும் வைத்துக் காட்சியை முடித்தார்.

பின்பக்கக் கூடாரத்துக்கு நான் ஓடினேன். குதிரைக்காரி அப்பாவிடம் யார் கூப்பிட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் அரைகுறை நொர்ஸ்க்கில், தான்தான் கூப்பிட்டதாகச் சொன்னார். குளிர்காலம் முழுக்கக் கையால் தீனி கொடுத்தேன் என்றார். பையிலிருந்து நீல மூடிப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். குதிரைக்காரி குனிந்து முகர்ந்தார். ஒரு கொள்ளை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, நாளைக்கு வர வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, குதிரைகளிடம் போய்விட்டார்.

அப்பா சிவப்புச் சட்டையைக் கழற்றி, மடித்து, ஒரு பெட்டிக்கு மேல் வைத்தார். நாங்கள் ரயிலேறி ஹவுகன்ஸ்டுவாவுக்கு வந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா போகவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவர் வீட்டில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கதவு திறந்திருக்கும். வாகனத் தரிப்பிடத்தில் எனக்குச் சைக்கிள் பழக்கினார். ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், தான் தண்ணீரில் இறங்காமல் கரையில் என் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வென்றுவிட்டேன். ஆனால் ராசாத்தி என்று அவர் பிறகு யாரையும் கூப்பிட்டதைக் கேட்டதில்லை. அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நல்ல வேலையை, ஒரு நல்ல வாழ்க்கையை நான் பறித்துவிட்டேன் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டு திரிந்தேன். என் கல்யாணத்தில் சொல்ல நினைத்தேன். அம்மாவின் செத்தவீட்டில் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றப் போனேன். முதல் பனி விழுந்த கிழமை, ஊர் முழுக்க அந்தக் கராஜில்தான் நின்றது. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், இயந்திரத்துக் கோப்பி. அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து. கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஏனோ தெரியாது, அங்கேதான் வாய் வந்தது.

“அப்பா, அண்டைக்குச் சர்க்கஸிலை குதிரையைக் கூப்பிட்டது நான்.”

“தெரியும். அந்தக் கூடாரத்துக்கை வேறை ஆர் தமிழ் கதைச்சது?”

“நீங்கள் போகக் கூடாது எண்டுதான் கூப்பிட்டனான்.”

“எங்கை போக?”

“சர்க்கஸோடை. கோடை முழுக்க. துரும்சோவுக்கு.”

அப்பா கோப்பியைக் கீழே வைத்தார்.

“அட விசரி. அதுக்கு மடம் கேட்ட அண்டைக்கே நான் ஏலாது எண்டு சொல்லிட்டன். கொம்மாவுக்குப் பின்னேர வேலை. நீ வந்து தனிய நிப்பாய் எண்டு சொன்னனான். மடமும் சரியெண்டிட்டா.”

“அப்ப ஏன் அந்தச் சிவப்புச் சட்டை?”

“நீ பாக்க வாறாய் எண்டு.” வெட்கப்பட்டவராகக் கோப்பிக் கோப்பையை உருட்டினார். “ஒருக்கா, ஒரே ஒருக்கா, நான் கொண்டுபோய் உள்ளை விடட்டே எண்டு கேட்டனான். என்ரை பிள்ளை முன்னுக்கு இருக்கிறாள் எண்டு சொன்னனான். சட்டையும் அவதான் தேடித் தந்தவ.”

சில்லுக் கழற்றுகிற இயந்திரம் உள்ளே கத்தியது. அது நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

“நீ பாத்தனியே,” என்றார் அப்பா, “நான் கூட்டிக்கொண்டு வரேக்கை?”

திரை விலகியது நினைவிருக்கிறது. வெள்ளை இறகு நினைவிருக்கிறது, மினுங்கிய உடம்பு நினைவிருக்கிறது. அவளோடு உள்ளே நடந்து வந்த மனிதரை எவ்வளவு தேடியும் காணவில்லை. நான் அன்றைக்குக் குதிரையை மட்டும்தான் பார்த்தேன்.

“ஓம் அப்பா,” என்றேன். “வடிவாப் பாத்தனான்.”